ஒரு சேனலின் வாட்டை ஏழால் பெருக்காதீர்கள்: பல சேனல் ரிசீவர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுத் திரையரங்குக்கான பல சேனல் ரிசீவர்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றின் விவரத்தாள்களை எழுதி அச்சுக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

நான் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஏழு சேனல் ரிசீவருக்கு, அதாவது ஏழு ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியே ஒலியைப் பெருக்கித் தரும் சாதனத்துக்கு, அடுத்த மாதிரி அண்மையில் விற்பனைக்கு வந்தது. என்னிடம் உள்ள மாதிரியின் விவரத்தாளில் ஆற்றலைப் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. பெரிய எழுத்தில் இருந்த முதல் வரி, ஒரு சேனலுக்கு 165 வாட் என்றது. அது 6 ஓம் சுமையில் (ஸ்பீக்கர் தரும் மின் எதிர்ப்பில்), 1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 10 சதவீதச் சிதைவோடு (ஒலி அலையின் வடிவம் கெடும் அளவோடு), ஒரே ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது கிடைப்பது. அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்த இரண்டாவது வரி, ஒரு சேனலுக்கு 90 வாட் என்றது. அது 8 ஓம் சுமையில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதச் சிதைவோடு, இரண்டு சேனல்கள் சேர்ந்து இயங்கும்போது கிடைப்பது. புதிய மாதிரியின் விவரத்தாளில் முதல் வரி 175 வாட்டாக உயர்ந்திருக்கிறது. இரண்டாவது வரி அடியோடு நீக்கப்பட்டிருக்கிறது. சாதனத்தின் எடை 9.6 கிலோவிலிருந்து 8.1 கிலோவாகக் குறைந்திருக்கிறது. அட்டைப்பெட்டியின் முகப்பிலோ, 175-ஐ ஏழால் பெருக்கி 1225 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டாவது வரியை நீக்கியதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு ரிசீவரை இன்னொன்றோடு ஓரளவாவது ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு இருந்த ஒரே பிடி அதுதான். அது முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதை நானே பின்னால் அளந்து தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்த வரி கூட இல்லாத விவரத்தாள், வாங்குபவருக்கு எதையும் தெரிவிப்பதற்காக எழுதப்பட்டது அல்ல.

ரிசீவரை வாங்கும்போது நான் போட்ட கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். என் ஸ்பீக்கர்களின் உணர்திறன், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபெல். நான் உட்காரும் இடம் 3 மீட்டர் தொலைவில் இருக்கிறது. திறந்த வெளியாக இருந்தால் அந்தத் தொலைவில் 9.5 டெசிபெல் குறைந்துவிடும். அறைச் சுவர்களின் எதிரொலிப்பால் அதில் ஏறத்தாழ 4 டெசிபெல் திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டேன். திரைப்பட ஒலிக்கலவைக்கான குறிப்பளவில் (கலவை செய்யும்போது வைக்கும் நிலையான ஒலி அளவில்) ஒவ்வொரு முதன்மைச் சேனலின் உச்சமும் 105 டெசிபெல்லை எட்டலாம். வீட்டுக்கு அது அதிகம் என்பதால் நான் அதற்கு 6 டெசிபெல் குறைவாக வைத்தே கேட்பேன். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால், உச்ச நொடிகளில் ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 56 வாட் தேவை. பெட்டியில் 165 என்று இருந்ததால், தேவையைப் போல மூன்று மடங்கு கையிருப்பு இருக்கிறது என்று நம்பினேன். சிறிய எழுத்தைப் படித்த பிறகும், 90 வாட் போதுமானது என்றே நினைத்தேன்.

முதல் இரண்டு மாதங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு குறிப்பிட்ட வகைக் காட்சியில் மட்டும் ஏதோ சரியில்லை என்று படத் தொடங்கியது. முன், பின், பக்கம் என எல்லா ஸ்பீக்கர்களும் சேர்ந்து முழங்கும் நீண்ட காட்சிகளில், நடு ஸ்பீக்கரிலிருந்து வரும் வசனம் உள்ளே அமிழ்ந்துபோனது. கரகரப்பு இல்லை, வெடிப்பொலி இல்லை. குரல் மெல்லத் தாழ்ந்தது, அவ்வளவுதான். காட்சி தணிந்த சில நொடிகளில் குரல் பழைய அளவுக்கு வந்துவிடும். ஒலிக்கலவையே அப்படித்தானோ என்று சில வாரங்கள் ஐயப்பட்டேன். கடைசியில் நடு ஸ்பீக்கரின் முனைகளில் ஆஸிலோஸ்கோப்பை (மின் அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவியை) இணைத்து, அதே காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். முதல் முறை எல்லா ஸ்பீக்கர்களும் இணைந்திருந்தன. இரண்டாம் முறை, ஒலி அளவையோ வேறு எந்த அமைப்பையோ தொடாமல், மற்ற ஆறு ஸ்பீக்கர்களின் கம்பிகளை மட்டும் கழற்றிவிட்டேன். அதே வசனம், இரண்டாம் முறை 2.5 டெசிபெல் உயரமாக வந்தது. நடுச் சேனலுக்குச் சேர வேண்டிய மின்சாரத்தை மற்ற சேனல்கள் எடுத்துக்கொண்டன என்பதற்கு இதைவிட எளிய சான்றை என்னால் காட்ட முடியாது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஸ்பீக்கர்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சரிபார்த்தேன் என்று எழுதியதும், அமைப்புப் பட்டியலில் இம்பீடன்ஸை (ஸ்பீக்கரின் மின் எதிர்ப்பை) 4 ஓம் என்று மாற்றச் சொன்னார்கள். என் ஸ்பீக்கர்கள் 6 ஓம் என்று குறிக்கப்பட்டவை. சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கு அருகே இறங்குபவை. எனவே அந்த அறிவுரை முதலில் பொருத்தமாகவே தோன்றியது. மாற்றிவிட்டுக் கேட்டபோது குறை இன்னும் கூடியது. அதன் பிறகுதான் அந்த ரிசீவரை மேசைமேல் தூக்கிவைத்து முறையாக அளப்பது என்று முடிவு செய்தேன்.

அளந்த விதத்தைச் சொல்வது என் கடமை, ஏனெனில் நிபந்தனை சொல்லாத வாட் எண்ணைத்தான் நான் குறை சொல்கிறேன். ஏழு சேனல்களுக்கும் ஏழு 8 ஓம் கம்பிச் சுற்று மின்தடைகளைச் சுமையாக இணைத்தேன். அறைத் திருத்தத்தை (அறைக்கேற்ப ஒலியை மாற்றும் வசதியை) அணைத்து, எல்லா ஸ்பீக்கர்களையும் முழு அலைவரிசை என்று அமைத்து, எச்.டி.எம்.ஐ. வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைத் தேவையான சேனல்களுக்கு மட்டும் அனுப்பினேன். தொடங்கும் முன் ஒரு மணி நேரம் மதிப்பிட்ட ஆற்றலின் எட்டில் ஒரு பங்கில் ஓடவிட்டேன். மின்வழங்கலின் அழுத்தத்தைச் சோதனை முழுவதும் மாறாமல் பார்த்துக்கொண்டேன். சிதைவு 1 சதவீதத்தைத் தொடும் இடத்தையோ, அதற்கு முன்பே வெளியீடு ஏற மறுத்தால் அந்த இடத்தையோ முடிவெல்லையாகக் கொண்டேன்.

ஒரு சேனல் மட்டும் இயங்கியபோது 108 வாட் கிடைத்தது. இரண்டு சேனல்களில் தலா 94 வாட். அதுவரை உங்கள் சிறிய எழுத்து வரி உண்மையாகவே நின்றது என்பதை மதிப்போடு பதிவு செய்கிறேன். ஐந்து சேனல்களை இயக்கியபோது தலா 57 வாட் கிடைத்தது, அதுவும் ஏறத்தாழ 20 நொடிகளுக்கு மட்டும். பிறகு 41 வாட்டுக்கு இறங்கியது. ஏழு சேனல்களிலும் தலா 38 வாட். நான்காவது நிமிடத்தில் பாதுகாப்புச் சுற்று சாதனத்தை அணைத்தது. ஏழும் ஓடிக்கொண்டிருந்தபோது மின்வழங்கலிலிருந்து சாதனம் இழுத்தது 540 வாட். அதில் ஸ்பீக்கர் முனைகளுக்கு வந்து சேர்ந்தது 266 வாட். பெட்டியின் மேல் இருந்த எண் 1155.

ஐந்து, ஏழு சேனல் சோதனைகளில் நடந்த ஒன்றை நீங்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். வழக்கமாக ஓர் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டும்போது சைன் அலையின் முகடு தட்டையாகும். அதை ஆஸிலோஸ்கோப்பில் கண்ணாலும் காணலாம், காதாலும் கேட்கலாம். இந்தச் சாதனத்தில் முகடு தட்டையாகவே இல்லை. அலையின் வடிவம் கெடாமல் அதன் உயரம் மட்டும் இறங்கியது. சூட்டையோ மொத்த மின்னோட்டத்தையோ கண்காணிக்கும் ஒரு சுற்று, சாதனத்தைக் காப்பதற்காக ஒலியைத் தானே குறைத்திருக்கிறது. காப்பது நல்லதுதான். ஆனால் திரையில் ஓர் எச்சரிக்கை இல்லை, முகப்பில் ஒரு விளக்கு இல்லை, பயனர் கையேட்டில் ஒரு வாக்கியம் இல்லை. கரகரப்பு வந்திருந்தால் ஆம்ப்ளிஃபையர் திணறுகிறது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். இப்படி அமைதியாகக் குறைத்ததால் ஸ்பீக்கரையும் அறையையும் ஒலிக்கலவை செய்தவரையும் என் காதையும் மாறி மாறிச் சந்தேகித்தேன்.

நீங்கள் பரிந்துரைத்த 4 ஓம் அமைப்பையும் அளந்தேன். அதே 8 ஓம் சுமையில், இரண்டு சேனல் ஆற்றல் 94 வாட்டிலிருந்து 51 வாட்டுக்கு விழுந்தது. அந்த அமைப்பு வெளியீட்டுக்கான உள் மின்னழுத்தத்தைத் தாழ்த்துகிறது; குறைந்த இம்பீடன்ஸ் சுமையில் சாதனம் சூடேறாமல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டுவதற்கு அது உதவும். கேட்பவருக்கு அதில் கிடைப்பது பாதி ஆற்றல். ஆற்றல் போதவில்லை என்று முறையிடும் ஒருவருக்கு இருப்பதையும் பாதியாக்கும் அமைப்பைப் பரிந்துரைக்கிறோம் என்பது, எனக்குப் பதில் எழுதியவருக்கே தெரிந்திருக்காது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இதைப் பற்றி யாரும் எதுவும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

165 வாட் என்ற எண் பொய்யா என்பதையும் சோதித்தேன். பொய் இல்லை. 6 ஓம் சுமையை வைத்து, ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, சிதைவு 10 சதவீதத்தை எட்டும்வரை தள்ளினால் 165-ஐத் தாண்டிச் சற்று மேலேயே போகிறது. ஒரே மின்னழுத்தத்தில் 8 ஓமுக்குப் பதில் 6 ஓம் வைத்தால் கணக்குப்படி ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 1 சதவீதச் சிதைவுக்குப் பதில் 10 சதவீதத்தை அனுமதித்தால், முகடுகள் நன்றாகத் தட்டையாகி, மேலும் ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. மற்ற ஆறு சேனல்களையும் உறங்க வைத்தால், மொத்த மின்வழங்கலும் ஒன்றுக்கே கிடைக்கிறது. மூன்றும் தனித்தனியே உண்மை. மூன்றையும் அடுக்கி, வந்ததை ஏழால் பெருக்கும்போதுதான் உண்மை அற்றுப்போகிறது. ஏழால் பெருக்குவதற்கு அடிப்படையே, மற்ற ஆறும் இயங்கவில்லை என்ற நிபந்தனையில் எடுத்த எண்.

காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு சேனல்களுக்கும் உள்ளே ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே இணை மின்தேக்கிகள். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மின்தேக்கியும் 12,000 மைக்ரோஃபாரட். அவற்றின் மின்னழுத்தம் 55 வோல்ட்டிலிருந்து 45-க்கு இறங்கும்வரை தரக்கூடிய ஆற்றல், இரண்டும் சேர்த்து 12 ஜூல் மட்டுமே. ஏழு சேனல்களில் தலா 100 வாட் வேண்டுமானால், இதிலுள்ள ஏபி வகை ஆம்ப்ளிஃபையர் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வெப்பமாக இழப்பதால், உள்ளே ஏறத்தாழ 1100 வாட் வேண்டும். அந்த 12 ஜூல் 11 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை மின்தேக்கி நிரம்புகிறது. அதாவது அந்த இடைவெளியைக் கடக்கத்தான் மின்தேக்கி உதவும். அதற்குமேல் நீளும் எந்த முழக்கத்தையும் டிரான்ஸ்ஃபார்மர்தான் தாங்க வேண்டும். எடை குறைந்தது என்னைக் கவலைப்படுத்தியது இதனால்தான். வெப்ப இழப்பு குறைந்த டி வகை ஆம்ப்ளிஃபையரும் எடை குறைந்த சுவிட்ச் முறை மின்வழங்கலும் வைத்து எடையைக் குறைத்திருந்தால் நான் அதை வரவேற்றிருப்பேன். புதிய மாதிரி அப்படி மாறியதாக உங்கள் விவரத்தாளில் எதுவும் இல்லை.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய நியாயத்தையும் நான் அறிவேன். எந்தத் திரைப்படத்திலும் ஏழு சேனல்களும் ஒரே நேரத்தில் முழு ஆற்றலில் நிமிடக்கணக்காகச் சைன் அலையை ஒலிப்பதில்லை. இசையிலும் வசனத்திலும் சராசரி அளவுக்கும் உச்சத்துக்கும் இடையே பத்து டெசிபெல்லுக்கு மேல் இடைவெளி இருப்பது இயல்பு. எனவே எல்லாச் சேனல்களையும் தொடர்ந்து இயக்கும் சோதனை தேவைக்கு மீறிக் கடுமையானது என்று நீங்கள் சொன்னால், பெருமளவு ஒப்புக்கொள்வேன். அதற்கும் ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. 1978-இல் வெளிவந்த ஐ.எச்.எஃப். (அமெரிக்க ஒலிச்சாதனத் துறை அமைப்பு) அளவீட்டுத் தரத்தில், நொடிக்கு இரண்டு முறை 20 மில்லிநொடி மட்டும் உயர்ந்து ஒலிக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைக் கொண்டு குறுநேர ஆற்றலை அளப்பது விளக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துடிப்பை ஏழு சேனல்களிலும் ஒரே நேரத்தில் கொடுத்து அளந்து, அந்த எண்ணைத் தொடர் ஆற்றல் எண்ணின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கடுமையான சோதனை நியாயமற்றது என்பதால், ஆறு சேனல்களை அணைத்துவிட்டு எடுக்கும் சோதனை நியாயமாகிவிடாது.

சாதனத்தின் பின்பக்கம் மின்நுகர்வு என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாமே என்றும் சிலர் சொல்வார்கள். பாதுகாப்புத் தரங்களின்படி அந்த எண் பெரும்பாலும் சிதையாத வெளியீட்டு ஆற்றலின் எட்டில் ஒரு பங்கில் இயங்கும்போது எடுக்கப்படுவது. அதைக் கொண்டு உச்ச ஆற்றலை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இந்தத் துறை இதே இடத்தில் முன்பும் நின்றிருக்கிறது. இசை ஆற்றல், உச்ச ஆற்றல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணை ஊதிப் பெருக்கியபோதுதான், அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் 1974-இல் ஆம்ப்ளிஃபையர் விதியைக் கொண்டுவந்தது. மதிப்பிட்ட ஆற்றலின் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகே அளக்க வேண்டும் என்று அது அன்று கேட்டது. 2000-இல் அதை எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தினார்கள். 2024-இல் அந்த விதி திருத்தப்பட்டு, 8 ஓம் சுமை, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கும் குறைவான சிதைவு என்ற பொது நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. நீங்கள் நீக்கிய வரி அந்த நிபந்தனைகளுக்குள் அடங்குவது. அப்படி அளப்பதற்கான கருவியும் ஆளும் உங்களிடம் இருக்கிறார்கள்; பழைய மாதிரிக்கு அளந்தும் இருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டே அச்சிடாமல் இருக்கிறீர்கள் என்றுதான் நான் எண்ண வேண்டியிருக்கிறது.

165 வாட்டுக்கும் 38 வாட்டுக்கும் இடையே இருப்பது 6.4 டெசிபெல். 90-ஐ 165 ஆக்கியதில் நீங்கள் தாளில் பெற்றது 2.6 டெசிபெல். வாட் எண்கள் காதில் எவ்வளவு சிறிய வேறுபாடாக முடிகின்றன என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஏழு சேனல்களிலும் தலா 60 வாட்டை உண்மையாகத் தரும் ஒரு ரிசீவர் என் அறைக்குப் போதுமானதாக இருந்திருக்கும். 60 என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதையே வாங்கியிருப்பேன். பக்கத்தில் இன்னொரு பெட்டி 175 என்று சொல்லும்போது 60 என்று எழுதும் துணிவு எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியாக வராது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் எழுதாமல் உங்கள் அனைவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் கோரிக்கைகள் இவை. இரண்டு சேனல்களை இயக்கி, 8 ஓமில், முழு அலைவரிசையில், 1 சதவீதத்துக்குக் குறைவான சிதைவில் எடுத்த எண்ணை ஆற்றல் பகுதியின் முதல் வரியாக, மிகப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அதன் கீழே, ஐந்து சேனல்களும் எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் இயங்கும்போது கிடைக்கும் ஆற்றலை, ஐந்து நிமிடத் தொடர் இயக்கத்துக்கு ஒன்றும் 20 மில்லிநொடித் துடிப்புக்கு ஒன்றுமாகத் தனித்தனியே கொடுங்கள். 4 ஓம் சுமைக்கும் இவற்றைக் கொடுங்கள். இம்பீடன்ஸ் அமைப்பு எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு சேனல், 10 சதவீதச் சிதைவு என்ற எண்ணை விட மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிபந்தனைகளையும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். அதை எந்த எண்ணாலும் பெருக்கிப் பெட்டியின் முகப்பில் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

வெளியீட்டைத் தானாகக் குறைக்கும் சுற்று எப்போது வேலை செய்யத் தொடங்கும், எவ்வளவு குறைக்கும் என்பதைக் கையேட்டில் எழுதுங்கள். அது வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் திரையிலோ முகப்பிலோ ஒரு குறி தோன்றும்படி செய்யுங்கள்; மென்பொருள் புதுப்பிப்பால் இது முடியும் என்றால், ஏற்கெனவே விற்ற சாதனங்களுக்கும் கொடுங்கள். 4 ஓம் அமைப்பு ஆற்றலைக் குறைக்கும் என்று அந்த அமைப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, புதிய மாதிரியின் விவரத்தாளிலிருந்து எடுத்த அந்த இரண்டாவது வரியைத் திரும்பச் சேருங்கள். இரண்டு சேனல்களில் இப்போது கிடைப்பது 90-ஐவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கிடைப்பதை அப்படியே அச்சிடுங்கள்.